டிரினிட்டிக்கே போட்டுடு: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரித் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டிரினிட்டிக்கே போட்டுடு. ராமானுஜன் இருந்த எடம்." கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிற வீட்டில் கேம்பிரிட்ஜ் பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடம் யாராவது ஒரு மாமா இதைச் சொல்லிவிடுவார். டிரினிட்டி கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு கல்லூரி. மாமாவின் பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் ராமானுஜன் 1914-இல் அங்கே போனது கணிதவியலாளர் ஹார்டி இருந்தார் என்பதற்காக. வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930-இல் அதே கல்லூரிக்குப் போனது இயற்பியலாளர் ஃபவுலரிடம் ஆராய்ச்சி செய்ய. இருவருமே ஓர் ஆளைத் தேடிப் போனவர்கள். பிளஸ் டூ முடித்து இளநிலைப் படிப்புக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. போதாததற்கு, கணித ஒலிம்பியாடுக்குத் தயாராகும் பிள்ளைகளில் பலருக்கும் முதலில் தோன்றும் பெயர் டிரினிட்டிதான், அதனால் அங்கே போட்டியும் கடுமை.

கவுன்சலிங்கில் பழகிய நமக்குக் கல்லூரி என்றால் தரவரிசை. எந்தக் கல்லூரி கிடைக்கிறதோ அதுதான் படிப்பின் தரம், வேலை, எல்லாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரி என்பது வேறு சமாசாரம். விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அதே விரிவுரை, அதே வினாத்தாள். கல்லூரி உங்களை நேர்காணல் செய்து எடுக்கும், அறை தரும், சோறு போடும். அப்புறம், இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து ஓர் ஆசிரியர் நடத்தும் வகுப்புக்கு ஏற்பாடு செய்யும். ஆக்ஸ்ஃபோர்டில் இதை டியூட்டோரியல் என்பார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். அதற்குக்கூட, உங்கள் கல்லூரியில் அந்தத் தலைப்புக்கு ஆள் இல்லையென்றால் வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பேராசிரியரின் பெயருக்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான் வீண். நீங்கள் சேரும் ஆண்டில் அவர் ஆராய்ச்சி விடுப்பில் இருக்கலாம். முதலாண்டு மாணவர்கள் பக்கம் தலைகாட்டாதவராகவும் இருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தவர்களும் பட்டியலைப் பார்த்ததும் சறுக்குகிறார்கள். தேர்வு முடிவுகளை வைத்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நாரிங்டன் பட்டியல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு உண்டு, டாம்ப்கின்ஸ் பட்டியல் கேம்பிரிட்ஜுக்கு. ஒரு கல்லூரியில் ஓர் ஆண்டு இறுதித் தேர்வு எழுதுவோர் நூறு பேர் அளவில்தான். அதில் நான்கைந்து பேர் முதல் வகுப்பைத் தவறவிட்டால் போதும், கல்லூரி பல இடங்கள் கீழே இறங்கிவிடும். அடுத்த ஆண்டு ஏறிவிடும். அந்தப் பட்டியல் போன ஆண்டு வேறு யாரோ எழுதிய தேர்வின் கணக்கு. உங்கள் மதிப்பெண் அதில் எங்கும் இல்லை.

இன்னொரு கூட்டம் நேர்எதிராக யோசிக்கும்: எந்தக் கல்லூரியில் போட்டி குறைவு? பாடவாரியாக, கல்லூரிவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற புள்ளிவிவரத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். மூன்று இடத்துக்குப் பத்துப் பேர் போட்ட கல்லூரி கண்ணில் பட்டால் ஒரே குஷி. இதே கணக்கை இன்னும் ஐம்பது வீடுகளில் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டும் தோன்றாது. அதைவிட முக்கியமாக, கல்லூரியைச் சாமர்த்தியமாகத் தேர்ந்து உள்ளே நுழைந்துவிட முடியாதபடி இரண்டு பல்கலைக்கழகங்களிலும் ஏற்பாடு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பாடத்துக்குக் கூட்டம் அதிகமான கல்லூரியிலிருந்து விண்ணப்பங்களை மற்றக் கல்லூரிகளுக்கு மாற்றிவிடுவார்கள். இடம் கிடைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தாங்கள் பெயர் குறிப்பிடாத கல்லூரிக்குத்தான் போகிறார்கள். கேம்பிரிட்ஜில் இதற்கு 'பூல்' என்று பெயர். ஒரு கல்லூரியில் இடம் போதாமல் நின்றுபோன நல்ல மாணவர்களின் விண்ணப்பங்களை ஜனவரியில் மற்றக் கல்லூரிகள் எடுத்துப் பார்க்கும். எங்கே போட்டாலும் தகுதியுள்ளவர் தப்பிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

எதையும் தேர்ந்தெடுக்க மனமில்லையா? 'ஓப்பன் அப்ளிகேஷன்' போடலாம். அந்தப் பாடத்துக்கு விண்ணப்பம் குறைவாக வந்த கல்லூரி ஒன்றைக் கணினியே ஒதுக்கும். இதனால் வாய்ப்பு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆனால் ஒதுக்கிய பிறகு "ஐயோ, இதுவா?" என்று மாற்றிக் கேட்க முடியாது. ஏதாவது ஒரு கல்லூரி பிடிக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

சின்ன விஷயங்கள் சிலவற்றில் கவனக்குறைவு பெரிய அடியாகிவிடும். எல்லாப் பாடமும் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) படிப்பைச் சில கல்லூரிகள் மட்டுமே தருகின்றன. கேம்பிரிட்ஜில் நியூனமும் மர்ரே எட்வர்ட்ஸும் பெண்களுக்கு மட்டும். ஹியூஸ் ஹாலும் வுல்ஃப்சனும் இளநிலைக்கு 21 வயது நிரம்பியவர்களை மட்டுமே எடுக்கும். பெயர்க் குழப்பம் வேறு. டிரினிட்டி, பெம்புரோக், ஜீசஸ், செயின்ட் ஜான்ஸ் இரண்டு ஊரிலும் உண்டு. மாட்லின் என்று ஒலிக்கும் கல்லூரியும் இரண்டு ஊரிலும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு 'e' தான் வித்தியாசம். ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு மற்றொன்றின் வாடகையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரே ஆண்டில் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் இளநிலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதையும் கடைசி வாரத்தில்தான் சிலர் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? மூன்று ஆண்டு எப்படி வாழப்போகிறீர்கள் என்பதை. சுவரின் வயதையும் கூடத்தின் ஓவியத்தையும் பார்ப்பவர்கள் சமையலறையைப் பார்ப்பதில்லை. கேம்பிரிட்ஜின் பழைய கல்லூரிகளில் 'ஜிப்' என்று ஒரு சின்னச் சமையல் மூலை இருக்கும். பல இடங்களில் ஒரு மைக்ரோவேவ், ஒரு கெட்டில், அவ்வளவுதான். சைவம் சாப்பிடுகிற, இரவு பத்து மணிக்கு ரசம் சாதம் தேடுகிற பிள்ளைக்கு அடுப்பு உள்ள கல்லூரி எது என்பது நாரிங்டன் பட்டியலைவிடப் பெரிய கேள்வி. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

அடுத்தது விடுமுறை. ஒரு பருவம் எட்டே வாரம். அது முடிந்ததும் பல கல்லூரிகளில் அறையைக் காலி செய்ய வேண்டும். லண்டன் பையன் அப்பா காரில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போன பிள்ளை பெட்டியை எங்கே வைப்பது, டிசம்பரில் எங்கே தங்குவது? விடுமுறையில் தங்கவிடுவார்களா, சாமான் வைக்க இடம் உண்டா, மூன்று ஆண்டும் கல்லூரியே அறை தருமா, வாடகை எத்தனை வாரத்துக்கு, இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். பணமும் சேர்ந்ததுதான். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு, அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மூன்றால் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும்.

தூரத்தையும் வரைபடத்தில் பாருங்கள். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி ஊர் நடுவிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். நவம்பர் மழையில் சைக்கிளில் போவது எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனால் அங்கே தோட்டமும் அமைதியும் நீச்சல் குளமும் உண்டு. ஊருக்கு வெளியே என்றாலே வகுப்புக்குத் தூரம் என்றும் இல்லை. சர்ச்சில் கல்லூரி சற்று ஒதுங்கி இருந்தாலும் கணித மையத்துக்கு அருகே. ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் அறிவியல் துறைகளுக்கு எதிரிலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கிறைஸ்ட் சர்ச் புகைப்படத்தில் அழகுதான், ஆனால் சன்னலுக்கு வெளியே நாளெல்லாம் கூட்டம்.

முதுநிலைக்குப் போகிறவர்கள் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்களை எடுப்பது துறை. அது எடுத்துவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டில் ஏதோ ஒரு கல்லூரி இடம் நிச்சயம். துணையோடு போகிறவர்கள் குடும்பக் குடியிருப்பு உள்ள கல்லூரியைத் தேடினால் போதும்.

இத்தனைக்கும் இடையில் நாள் ஓடிவிடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் விண்ணப்பிக்க இந்த இரண்டுக்கும் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் 15, பிரிட்டனில் மாலை 6 மணி, நமக்கு இரவு பத்தரை. ஆனால் கேம்பிரிட்ஜில் பொறியியல் போன்ற பாடங்களுக்கு நுழைவுத் தேர்வுப் பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். எந்தக் கல்லூரி என்று செப்டம்பர் முழுக்க வீட்டில் விவாதித்து, தேர்வுக்குப் பதிவு செய்ய மறந்துபோனால், அப்புறம் எந்தக் கல்லூரியும் கூப்பிடாது.