படத்தின் ஒலி என்று நினைத்துவிடாதீர்கள்: பழைய ஹாலிவுட் வானொலிப் பதிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஹாலிவுட் நட்சத்திரங்களின் பழைய வானொலிப் பதிவுகள் கையில் கிடைத்ததும் முதல் குழப்பம் வரும். நம் ஒலிச்சித்திரம் படத்தின் ஒலியையே வெட்டிச் சுருக்கித் தந்தது. ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ அப்படிப்பட்டதல்ல. நம் வீட்டுக் குளியலறையில் இருந்த அதே லக்ஸ் சோப்பின் விளம்பரதாரர் நிகழ்ச்சி அது. அரங்கில் கூட்டம் உட்கார்ந்திருக்க, நடிகர்கள் கையில் வசனத்தாளோடு மைக் முன்னால் நின்று ஒரு மணி நேரக் கதையை நேரலையில் நடித்தார்கள். வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான், மறுபடி எடுக்க வழியில்லை. எனக்கு இந்தப் பதிவுகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

படத்தில் நடித்தவர்தான் வானொலியிலும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. ‘காசாபிளாங்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஏப்ரலில் ‘ஸ்கிரீன் கில்டு’ நிகழ்ச்சியில் ஹம்ப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன், பால் ஹென்ரீட் மூவரும் வந்தார்கள், ஆனால் அது அரை மணி நேரச் சுருக்கம். 1944 ஜனவரியில் லக்ஸ் அதே கதையை ஒரு மணி நேரத்துக்கு எடுத்தபோது பேசியவர்கள் ஆலன் லாடும் ஹெடி லமாரும். ‘போகார்ட் இல்லையே’ என்று பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு நடிகர் கையில் கதாநாயகன் ரிக் எப்படி மாறுகிறான் என்பதைக் கேட்பதே ஒரு தனி அனுபவம்.

படம் வந்த பிறகுதான் வானொலி வடிவம் வந்திருக்கும் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஜூடி கார்லண்ட் ‘ஏ ஸ்டார் இஸ் பார்ன்’ படத்தில் நடித்தது 1954-இல். ஆனால் லக்ஸில் அந்தப் பாத்திரத்தை அவர் 1942 டிசம்பரிலேயே, வால்டர் பிட்ஜனுடன் நடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 20. அதே பெயரில் 1937-இல் வந்த முதல் படத்தின் கதை அது. இது தெரியாமல் கேட்டால், 1954 படத்தின் ஏதோ ஒரு துண்டு என்று ஒதுக்கிவிடுவோம்.

இசைத்தட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஓவர் தி ரெயின்போ’ பாடலை ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்காக ஜூடி கார்லண்ட் பாடியது 1938-இல். டெக்கா நிறுவனத்தின் இசைத்தட்டுக்காக 1939 ஜூலையில் தனியாக மறுபடி பாடினார். படத்தின் அசல் ஒலி 1956-இல்தான் இசைத்தட்டாக வந்தது. ஆகவே நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டைக் காட்டி ‘இது படத்தில் வந்த குரல்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேதி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘சஸ்பென்ஸ்’ வானொலித் தொடரில் ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த ‘சாரி, ராங் நம்பர்’ முதலில் 1943 மே மாதம் ஒலிபரப்பானது. முடிவில் ஒரு நடிகர் தன் வசனத்தைச் சரியான இடத்தில் சொல்லாமல் விட, கேட்டவர்களுக்கு முடிவே குழம்பிப்போனது. அப்புறம் 1960 வரை மூர்ஹெட் அதைப் பலமுறை நடித்தார். கோப்பின் பெயரில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பாமல், அறிவிப்பாளர் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்வதைக் கேளுங்கள்: விருந்தினர் பெயர், அடுத்த வார நாடகம், விளம்பரம். தேதியைச் சரிபார்க்க இவை பெரிய துணை.

விளம்பரமே இல்லாத பிரதி என்றால், அது அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலி வெளியிட்ட தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் விளம்பரங்களை நீக்கித்தான் அனுப்பினார்கள். அதை முழு நிகழ்ச்சி என்று எண்ண வேண்டாம்.

குரல் கீச்சென்று இருந்தால் நடிகரைக் குறை சொல்லாதீர்கள். அன்றைய பதிவுகள் 16 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில், பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம் வீதம் ஏறியவை. அதிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து நாடாவுக்கும் மாறி மாறி வந்ததில் வேகம் கெட்டிருக்கலாம். அதே நடிகரின் படத்தைச் சில நிமிடம் கேட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரைச்சலை முழுக்கத் துடைப்பதும் வேண்டாம், அதோடு அரங்கின் எதிரொலியும் போய்விடும்.

நாடகம் முடிந்ததும் நட்சத்திரங்கள் தொகுப்பாளருடன் அரட்டை அடிப்பார்கள். அதுவும் எழுதிக் கொடுத்ததுதான். அதை வாழ்க்கை வரலாற்று ஆதாரமாக எடுத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். லக்ஸின் தொகுப்பாளரான திரைப்பட இயக்குநர் செசில் பி. டெமில் அந்த நாடகங்களை இயக்கியதாக எழுதுவதும் தவறு. 1936 முதல் 1945 வரை அவர் தொகுத்து வழங்கினார். இயக்கியவர்கள் வேறு.

பழையது என்பதால் யாரும் எடுத்து வெளியிடலாம் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் 2018 சட்டப்படி 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

சேமிக்கும்போது விளம்பரங்களை வெட்டி எறியாதீர்கள். போர்க்காலப் பதிவுகளில், சோப்பு விற்ற அதே வாயால், சமையலறைக் கொழுப்பைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும்படி அறிவிப்பாளர் வீட்டுப் பெண்களைக் கேட்பார். வெடிமருந்து தயாரிக்க அந்தக் கொழுப்பு தேவைப்பட்டது.