பகுதியில் மாறி வந்தால்: ஏற்காட்டுப் பாதையில் ஒரு கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 30 கி.மீ. இறங்கும்போது சராசரி வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடி, அரை மணி நேரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் வேகம் க என்றால்:

30/க − 30/(க+10) = 1/2

உடனே பெருக்கிவிடாதீர்கள். பின்னத்தின் பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே இருப்பது, பூச்சியமாகக் கூடாது. எனவே க ≠ 0, க ≠ −10 என்று முதலில் ஓரத்தில் குறித்துவையுங்கள். பலரும் விட்டுவிடும் வரி இதுதான்.

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 2க(க+10). அதைக்கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும்:

60(க+10) − 60க = க(க+10)
க² + 10க − 600 = 0
(க+30)(க−20) = 0

க = 20 அல்லது −30. ஏற 30/20, அதாவது ஒன்றரை மணி. இறங்க 30/30, ஒரு மணி. சரியாக வருகிறது. −30 சமன்பாட்டுக்குப் பொருந்தும். வேகம் குறை எண்ணாகாது என்பதால்தான் அதை விடுகிறோம்.

இன்னொரு வகைத் தள்ளுபடி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

க/(க−3) = 3/(க−3) + 2

(க−3) ஆல் பெருக்கினால் க = 3 + 2(க−3); சுருக்கினால் க = 3. ஆனால் 3 விலக்கப்பட்ட மதிப்பு. ஆகவே இதற்குத் தீர்வே இல்லை. க = 3 எனும்போது நாம் பெருக்கியது பூச்சியத்தால். பூச்சியத்தால் பெருக்கினால் எந்த இரு பக்கமும் சமமாகிவிடும்; அந்தப் பொய்ச் சமத்திலிருந்து வந்த பொய் மூலம் இது, அதாவது தீர்வு போலத் தோன்றும் மதிப்பு.

இதே கணக்கில் கடைசி 2-ஐப் பெருக்க மறந்தால் க = 5 என்று வரும். போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 5/2, வலப்பக்கம் 7/2. பின்னமில்லாத உறுப்பையும் பெருக்கியே ஆக வேண்டும். குறுக்குப் பெருக்கலை இங்கே அப்படியே போடவும் முடியாது. பக்கத்துக்கு ஒரே பின்னம் இருந்தால்தான் அது செல்லும்.

கழித்தல் குறிக்குப் பின் வரும் பின்னத்தின் தொகுதியில் (கோட்டுக்கு மேலே) இரண்டு உறுப்புகள் இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம். −(க−4) என்பது −க+4.

பகுதிகள் க²−9, க−3 என்று இருந்தால் முதலில் காரணிப்படுத்துங்கள். (க−3)(க+3) மட்டுமே போதும். இரண்டையும் அப்படியே பெருக்கினால் முப்படி வரை போய், 3 என்ற பொய் மூலமும் கூடவே வரும். பகுதியில் 3−க இருந்தால் அதை −(க−3) என மாற்றி, குறியைப் பின்னத்தின் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.