கோட்டைக்குப் போகுமுன்: ஸ்காட்லாந்தில் வேர் தேடுவோர் செய்யும் தவறுகள்

"எங்கள் குடும்பப் பெயர் மெக்டொனால்டு, அதனால் டியோரம் கோட்டை எங்கள் முன்னோருடையது" என்று கிளம்புவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. (டியோரம் என்பது மெக்டொனால்டு குலத்தின் ஒரு கிளைக்குச் சொந்தமாயிருந்த, இப்போது பாழடைந்த தீவுக் கோட்டை.) ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸ் பகுதியில் குலத்தலைவரின் நிலத்தில் உழுதவர்களும் அவரை அண்டி இருந்தவர்களும் அவர் பெயரையே சூடிக்கொண்டது உண்டு. பெயர் ஒன்றானால் இரத்தமும் ஒன்றாகிவிடாது. கடைகளில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று விற்கும் கேடயமும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் சட்டப்படி அது தனி ஒருவருக்கு உரியது.

சரி, எங்கே தொடங்குவது? உறுதியாகத் தெரிந்த ஒருவரிடமிருந்து தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போங்கள். பிறப்பு, திருமணம், இறப்பைக் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855-இல். அந்த முதல் வருஷத்துப் பதிவுகள் பெரும் புதையல். ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்கள் எப்போது எங்கே மணந்தார்கள், அதற்கு முன் எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் இருக்கும். எழுதி மாளாமல் மறுவருஷமே பல கேள்விகளை எடுத்துவிட்டார்கள். உங்கள் முன்னோர் 1850-இல் பிறந்தவர் என்றாலும் இந்தப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள். அவருக்கு 1855-இல் ஒரு தம்பி பிறந்திருந்தால் அந்த ஒரு பக்கமே போதும்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதை அப்படியே நம்பாதீர்கள். பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். கல்லறைகளில் மனைவியைக் கணவர் பெயரில் மட்டும் தேடுவதும் வீண். அங்கே பெரும்பாலும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரைத்தான் செதுக்கியிருப்பார்கள்.

அப்புறம் கோட்டை. டியோரத்துக்குக் கடல் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். நேரம் பார்க்காமல் போனால் திரும்பும் வழி தண்ணீருக்குள். கல் விழும் சுவர்களுக்கு அடியில் நிற்காதீர்கள். ஒரு சின்னக் கல்லைக்கூட நினைவாக எடுத்து வராதீர்கள்.

பதிவில் ஒரு சிற்றூரின் பெயர் கிடைத்தால் முதலில் அங்கே போங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கூரையுள்ள வீடுகளை நிரப்பியும், கூரை போனவற்றை வெறும் கோட்டுச் சதுரமாகவும் வரைந்திருப்பார்கள். உங்கள் ஆட்களின் வீடு அந்த வெற்றுச் சதுரங்களில் ஒன்றாக இருக்கலாம்.