மகளுக்கு வீடு, மகனுக்கு வயல்: வாயால் சொன்னதைப் பத்திரமாக்குவது எப்படி

என் பெரியப்பா ஒரு வைகாசி மாதம் திடீரென்று போய்விட்டார். இலங்கையின் கிழக்கில், ஆரையம்பதியில் இருந்த கல்வீடு மகளுக்கு, படுவான்கரை வயல் இரண்டு மகன்மாருக்கு என்று ஊரே அறிந்த பேச்சு இருந்தது. மகள் கலியாணம் முடித்து அந்த வீட்டில்தான் பதினொரு வருடமாக இருக்கிறாள். ஆனால் உறுதி (காணிப் பத்திரம்) பெரியப்பாவின் பெயரில். முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்து சட்டத்தரணியிடம் போனபோதுதான் தெரிந்தது, வீட்டில் பாதி பெரியம்மாவுக்கும் மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்காகவும் போய்விட்டது என்று. அண்ணன்மார் நல்லவர்கள், கையெழுத்துப் போட மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் கட்டாரில். அவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் (அவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், 'பவர்') வரவழைத்து, வழக்குப் போட்டு எல்லாம் முடிய இரண்டு வருடம் சரியாகப் போனது. நல்ல மனசுள்ள குடும்பத்துக்கே இந்தப் பாடு.

அந்த இரண்டு வருடமும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். சட்டத்தரணி இல்லாமல் செய்யும் வழியை இங்கே சொல்லவில்லை. அவரிடம் போகுமுன் என்ன தயார் செய்வது, போனபின் என்ன கேட்பது என்பதே இது.

படி 1: ஒரு கொப்பியில் எழுதுங்கள்

இடது பக்கம் 'உறுதிக் காணி', வலது பக்கம் 'பெர்மிட் காணி'. இந்தப் பிரிப்புத்தான் முக்கியம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு சட்டத்தில் ஓடுகின்றன. படுவான்கரையிலும் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் கீழும் வயல் வைத்திருக்கும் பலரிடம் இருப்பது அரசு காணி கொடுக்கும்போது தந்த அனுமதிப்பத்திரம் (பெர்மிட்) அல்லது அளிப்புப் பத்திரம். அதையும் 'எங்கட உறுதி' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தாளை எடுத்துப் பார்த்து எழுதுங்கள். கீழே வங்கிக் கணக்கு, அடகு நகை, ஊழியர் சேமலாப நிதி, வாகனம், கடன். கடனை மறைக்க வேண்டாம், அது பிறகு பிள்ளைகளின் தலையில்தான் விடியும்.

படி 2: உங்கள் குடும்பத்துக்கு எந்தச் சட்டம்?

எதுவும் எழுதாமல் ஒருவர் இறந்தால் சட்டமே பங்கு பிரிக்கும். கிழக்கில் இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

மட்டக்களப்புத் தமிழருக்கு ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்ற மரபுச் சட்டம் இருந்தது, சொத்து தாய்வழியில் இறங்கியது. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு என்ற நம் வழக்கம் அந்த வேரிலிருந்து வந்ததுதான். வழக்கம் இன்றும் நிற்கிறது, சட்டம் நிற்கவில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன்படி உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. பிள்ளைகள் இல்லையென்றால் அந்த மற்றப் பாதி இறந்தவரின் தாய் தகப்பன், சகோதரங்கள் பக்கம் திரும்பும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரண்டு மடங்கு. காத்தான்குடி, கல்முனைப் பக்கமும் வீடு மகளுக்குத்தான் கொடுக்கிறார்கள். உறுதி முடிக்காமல் விட்டால் அந்த மகள் தன் சகோதரனின் பங்கில் பாதிதான் பெறுவாள். அங்கே வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் தூரம் இன்னும் அதிகம்.

யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை என்றால் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) உள்ளே வரலாம். சட்டத்தரணியிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: காணிப் பதிவகத்தில் தேடுங்கள்

கையில் இருக்கும் உறுதி உண்மை, ஆனால் முழுக் கதை அல்ல. இடையில் ஈடு வைத்திருக்கலாம், தாத்தா ஒரு துண்டை வேறு யாருக்கும் எழுதியிருக்கலாம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பதிவகங்களில் உங்கள் காணி எதில் வருமோ அங்கே போய்ப் பதிவுத் தாளின் எக்ஸ்ட்ராக்ட் (பிரதி) எடுங்கள். உறுதியின் பின்பக்கம் பதிவு இலக்கம் முத்திரையோடு இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போனால் வேலை சுருக்கம்.

சண்டைக் காலத்திலும் 2004 சுனாமியிலும் உறுதியைத் தொலைத்தவர்கள் நம்மில் ஏராளம். நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்) எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு இரட்டைப் பிரதி பதிவகத்துக்குப் போகும், ஆகவே அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டுப் பெறலாம்.

பெயர்களையும் இந்த நேரத்திலேயே ஒப்பிடுங்கள். உறுதியில் 'கந்தப்பன் மகள்', அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், பிறப்பு அத்தாட்சியில் வேறு எழுத்துக்கூட்டு. ஆள் உயிரோடு இருக்கும்போது இது சின்னத் திருத்தம்.

படி 4: சட்டத்தரணியைப் பிடிப்பது

காணி உறுதி முடிக்க அவர் பிரசித்த நொத்தாரிசாகவும் இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இல்லாமல் போட்ட காணி எழுத்து செல்லாது. முத்திரை ஒட்டி வெள்ளைத் தாளில் எழுதி வைத்திருக்கும் 'உடன்படிக்கை'யை நம்பி இருக்கும் குடும்பங்களை எனக்கே தெரியும்.

நொத்தாரிசுக்கு மொழியும் எல்லையும் உண்டு. தமிழில் உறுதி எழுத அனுமதி உள்ளவரைத் தேடுங்கள். அம்பாறை நகரில் வசதிக்காகச் சிங்களத்தில் முடித்துவிட்டு வந்து, பிறகு வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டணம், முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவான உறுதி எப்போது கையில் வரும் என்பதையும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட அன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பதிவைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

படி 5: வீடு (இங்கே நிதானமாக)

பெரியப்பாவின் கதைக்குப் பிறகு என் அம்மா பயந்துபோனார். அடுத்த மாதமே தங்கச்சி பெயருக்கு வீட்டை எழுத நின்றார். சட்டத்தரணி கேட்டார்:

"ஆருக்கு எழுதப் போறீங்க அம்மா?"

"மகளுக்குத்தான் ஐயா. மறுகா நாங்க எங்க இருப்பம்?"

அவர் சிரித்துவிட்டு, "அதத்தான் நானும் கேக்க இருந்தன்" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் சீவிய உரித்து. நன்கொடை உறுதியில் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் இருவரும் சாகும்வரை அதில் இருக்கவும் அதன் பலனை அனுபவிக்கவும் உரிமையை ஒதுக்கி வைப்பது. இருவர் பெயரிலும் ஒதுக்க வேண்டும். அப்பா பெயரில் மட்டும் போட்டு, அவர் போனபின் அம்மா மருமகனின் தயவில் இருக்கும் வீடுகள் உண்டு.

மகள் அந்த உறுதியிலேயே ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்றுக்கொள்ளாத நன்கொடை முழுமையாகாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் அவருக்காக யார் ஏற்பது என்று முன்பே பேசுங்கள். சிறுபிள்ளையின் பெயரில் போன காணியைப் பிறகு விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் இருவர் பெயரிலும் கேட்பார்கள். என் கருத்து, மகள் பெயரில் மட்டும். கோபித்தாலும் பரவாயில்லை. மகள் பெயரில் மட்டும் இருந்தாலும், அவள் எதுவும் எழுதாமல் நமக்கு முன் போய்விட்டால் பாதி வீடு மருமகனுக்குத்தான். நினைக்கவே கூடாத காரியம், ஆனால் அந்த நாளில் அம்மா அப்பாவை வீட்டில் வைத்திருப்பது அந்தச் சீவிய உரித்து வரிதான்.

மீளப்பெறும் உரிமையையும் கேளுங்கள். அதை ஒதுக்காமல் மீளாத நன்கொடையாக முடித்தால், பிள்ளை எவ்வளவு நன்றிகெட்டு நடந்தாலும் நினைத்தபடி ரத்துச் செய்ய முடியாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போய் நன்றிகேட்டை நிரூபிக்க வேண்டும்.

படி 6: பெர்மிட் வயல்

இது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ். நினைத்தபடி உறுதி எழுத முடியாது, பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவரை) நியமிக்க வேண்டும். மனைவிக்கு அல்லது கணவனுக்குச் சீவிய காலம் வரை, அதன்பின் நியமித்தவருக்கு. சட்டம் சொல்லும் உறவினர் வட்டத்துக்குள்தான் ஆளைத் தெரியலாம்.

நியமனம் நீங்கள் இறக்குமுன் பதிவாகியிருக்க வேண்டும். படிவம் நிரப்பிக் கொடுத்தேன், பதியவில்லை என்றால் கொடுக்காததற்குச் சமம். மரண சாசனத்தில் (உயிலில்) வயலையும் சேர்த்து எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காமல், பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி போகும். மூத்த மகனுக்கு முன்னுரிமை தந்த அந்த வரிசையில் ஆண் பெண் வேறுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போனது. பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் என்றால் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

படி 7: மிச்சத்துக்கு மரண சாசனம்

1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் எழுதுகிறவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறது, பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது. நொத்தாரிசு முன்பாக இரண்டு சாட்சிகளோடு முடியுங்கள். சொத்துப் பெறுகிறவரோ அவரின் துணையோ சாட்சிக்கு நிற்க வேண்டாம். நிறைவேற்றுநராக (சாசனத்தில் உள்ளதைச் செய்து முடிக்கும் பொறுப்பாளராக) ஊரில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள், கனடாவில் இருக்கும் மூத்தவரை அல்ல.

சாசனம் இருந்தால் நீதிமன்றம் போகத் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நாம் கண்மூடியபின் அதை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் நிறைவேற்ற முடியும். வீட்டை நன்கொடையாகவும் மிச்சத்தைச் சாசனமாகவும் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 8: சில்லறை வேலைகள்

வங்கியில் உங்களுக்குப் பின் பணத்தைப் பெறும் நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். என் அம்மாவின் ஒரு கணக்கில் இறந்துபோன அம்மம்மாவின் பெயர் கிடந்தது. அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்த நிமிடமே அதுவும் செத்துவிடும். அப்பா கொடுத்த பவர் இருக்குத்தானே என்று அவர் போனபின் காணி விற்க நிற்காதீர்கள்.

எல்லாப் பத்திரத்துக்கும் இரண்டு போட்டோப் பிரதி. மூலம் வீட்டில் பூட்டிய பெட்டியில், ஒரு பிரதி சட்டத்தரணியிடம், ஒன்று பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரிந்த பிள்ளையிடம். அம்மா சாவியைச் சாமி அறையில் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அந்த இடம் தங்கச்சிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.