பல் கூச்சமா? நல்லெண்ணெயிலிருந்து தொடங்குங்கள்

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பல்லில் ‘சுரீர்’ என்று ஏறி, ஒரு கண்ணை மூட வைக்கிறதே, அதற்கு ஆயுர்வேதத்தில் ‘தந்த ஹர்ஷம்’ என்று பெயர். உடம்பை இயக்கும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் வாதம் மிகுந்தால் வருவது என்பது அதன் கணக்கு. வாதத்துக்கு எண்ணெய்; அதிலும் நல்லெண்ணெய். அதை வாயில் நிறுத்தி வந்தால் புளிப்புக்குக்கூடப் பல் கூசாது என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை.

பல் மருத்துவம் சொல்லும் காரணம் வேறு. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ, பல்லின் உள்ளடுக்கான டென்டின் வெளியே தெரிகிறது. அதன் நுண்குழாய்களில் உள்ள திரவம் குளிர் பட்டதும் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. போன எனாமலை எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டுவராது. ஈறுகள் தேறவும் கூச்சம் கொஞ்சம் அடங்கவும் உதவலாம், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. ஒரே பல்லில் மட்டும் கூச்சமா? சூட்டுக்கும் வலிக்கிறதா? இரவில் தானாகவே விண்விண் என்று தெறிக்கிறதா? அப்படியானால் சொத்தையோ விரிசலோ இருக்கலாம். நேரே பல் மருத்துவரிடம் போங்கள்.

1. காலையில் வெறும் வயிற்றில், பல் துலக்கும் முன், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய பிறகு மேசைக்கரண்டிக்குப் போகலாம். எண்ணெய் சில்லென்று இருந்தால் அதுவே கூசும். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

2. வாய் நிறைய எண்ணெயை அசைக்காமல் வைத்திருப்பது கண்டூஷம். வாயில் அசைக்க இடம் இருக்கும்படி கொஞ்சமாக எடுத்துக் கொப்புளிப்பது கவளம். புதியவர்களுக்குக் கவளமே சுலபம். பல் இடுக்குகளில் எண்ணெய் போய்வரும்படி மெதுவாக அசையுங்கள். ஐந்து நிமிடம் போதும். தாடை வலித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அண்ணாந்து தொண்டையில் கொப்புளிக்க வேண்டாம், புரையேறும். அதனாலேயே சின்னப் பிள்ளைகளுக்கு இது கூடாது.

3. எண்ணெய் நீர்த்து, பால் போல வெளுத்ததும் துப்பிவிடுங்கள். அந்த வெளுப்பை ‘உடம்பின் நச்சு’ என்பார்கள். எண்ணெயும் எச்சிலும் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும், வேறொன்றுமில்லை. வாஷ்பேசினில் துப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய காகிதத்தில் துப்பிக் குப்பையில் போடுங்கள்.

4. வெதுவெதுப்பான நீரில் வாயைக் கொப்புளித்து, மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். ஃப்ளூரைடு பேஸ்ட்டை நிறுத்த வேண்டாம். எண்ணெய் அதற்கு மாற்று இல்லை.

ஈறு பலவீனமாக இருந்தால் இரவில் திரிபலா கஷாயம்: ஒரு தேக்கரண்டி பொடி, இரண்டு டம்ளர் தண்ணீர், பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி ஆறவிட்டுக் கொப்புளியுங்கள். அதில் நெல்லிக்காயின் புளிப்பு உண்டு, அதனால் பிறகு வெறும் நீரால் அலசிவிடுங்கள். கிராம்பு எண்ணெயை நேராகத் தடவினால் ஈறு வெந்துவிடும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டு, பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் போதும்.

‘இயற்கை’ என்ற பெயரில் பற்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம் தேய்ப்பதுதான். உப்பு, கரித்தூள், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். மூலிகைப் பல்பொடி என்றாலும் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; நறநறவென்றால் தள்ளி வையுங்கள். புளிப்பாக ஏதாவது சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குப் பிரஷ் பக்கமே போகாதீர்கள்.

சரி, எத்தனை நாள்? இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். பிறகு அதே குளிர்ந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். அப்போதும் கண் மூடினால், மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்துவிடுங்கள்.