மண் அணையில் கசிவு பார்ப்பது எப்படி

பவானிசாகர் மாதிரி நீளமான மண் அணையில் கொஞ்சம் தண்ணீர் கசிவது இயல்புதான். அது தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நடந்து போங்கள். கோடையில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அங்கே பாதத்தால் அழுத்திப் பாருங்கள்; தண்ணீர் ஊறி வந்தால் அதுதான் கசியும் இடம். கசிவுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் அணைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே பொறியாளருக்குச் சொல்லிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பலரும் பதறிப்போய்க் களிமண்ணை வைத்து அந்த ஓட்டையை அடைக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கசியும் இடத்தின் மேல் முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அப்புறம் பெரிய ஜல்லி என்று அடுக்குங்கள். தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். வரிசையை மாற்றினால் மணலும் அடித்துக்கொண்டு போய்விடும்.

கரையில் முளைக்கும் வேம்பையும் சீமைக்கருவேலத்தையும் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வளரவிட்டு வெட்டினால், வேர் மக்கிய இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். எலி வளையைக் கடைசிவரை தோண்டி, ஈரமண்ணைச் சிறு அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள்.