வெப்பமண்டலக் கடலின் வானிலை அறிக்கையைப் படித்து வரைபடமாக்குவது எப்படி?

கடல்சார் வானிலை அறிக்கையை முதன்முறையாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் அலை உயரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கடலின் நிலையை அறிய முடியாது. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஓர் இடத்தையும் நேரத்தையும் பற்றியது என்பதால், அதை வாசிப்பதோடு நிறுத்தாமல் வரைந்து பார்க்க வேண்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கப்பட்ட வெற்று வரைபடம் ஒன்று, பென்சில், அளவுகோல் ஆகியவை இருந்தால் போதும்.

படி 1: கடற்பகுதியையும் நேரத்தையும் உறுதிசெய்தல்

கடல் எச்சரிக்கைகளை வெளியிடுவதற்காக உலகக் கடல்கள் 21 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு பொறுப்பேற்றுள்ளது. இந்தியப் பெருங்கடலில் உள்ள எட்டாம் பகுதியின் வடபாகத்துக்கு இந்தியாவும் தென்பாகத்துக்கு மொரீஷியசும், மேற்கு அட்லாண்டிக்கில் உள்ள நான்காம் பகுதிக்கு அமெரிக்காவும் அறிக்கை வெளியிடுகின்றன. நீங்கள் செல்லும் வழி இரு பகுதிகளைக் கடக்கிறது என்றால் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையின் நேரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை உள்ளூர் நேரமாக மாற்றி வரைபடத்தின் மூலையில் எழுதுங்கள். அறிக்கை வெளியான நேரம் வேறு, அது எந்த நேரத்துக்கான கணிப்பு என்பது வேறு; இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

படி 2: எச்சரிக்கையை முதலில் பார்த்தல்

அறிக்கையின் தலைப்பகுதியில் எச்சரிக்கைகள் இருக்கும். 34 நாட் வேகத்தை எட்டும் காற்றுக்கு ஒரு நிலை, 48 நாட் வேகத்துக்கு அடுத்த நிலை, 64 நாட் வேகத்துக்கு அதற்கும் மேலான நிலை என்ற மூன்று வரம்புகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 17 முதல் 27 நாட் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28 முதல் 33 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 34 முதல் புயல், 48 முதல் தீவிரப் புயல், 64 முதல் மிகத் தீவிரப் புயல்.

ஒரே புயலுக்கு இரண்டு மையங்கள் வெவ்வேறு வேகம் சொன்னால் குழப்பமடைய வேண்டாம். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், இந்தியா மூன்று நிமிடச் சராசரியையும், வேறு பல மையங்கள் பத்து நிமிடச் சராசரியையும் பயன்படுத்துகின்றன. சராசரி எடுக்கும் நேரம் குறையக் குறைய எண் கூடுதலாகவே தெரியும்.

படி 3: பொதுநிலையை வரைதல்

எச்சரிக்கைக்கு அடுத்து, தாழ்வுப் பகுதிகளும் காற்று குவியும் மண்டலமும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும் வெப்பமண்டல அலைகளும் எங்கெங்கே உள்ளன என்று சொல்லப்பட்டிருக்கும். இந்த அலை கடல்நீரில் எழுவதன்று. மேலே காற்றோட்டத்தில் உண்டாகும் வளைவு. பயிற்சிக்காக ஒன்றை வரைவோம். 12 பாகை வடக்கில், 40 பாகை மேற்குத் தீர்க்கரேகையில் ஓர் அலை 15 நாட் வேகத்தில் மேற்கே நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் அது 360 கடல் மைல் செல்லும். அந்த அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறத்தாழ 59 கடல் மைல் என்பதால், நாளை இதே நேரத்தில் அது 46 பாகை மேற்கை எட்டியிருக்கும். இன்றைய இடத்தை முழுக்கோடாகவும் நாளைய இடத்தைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். மழையும் இடியும் உங்களை எப்போது நெருங்கும் என்பது உடனே கண்ணுக்குத் தெரியும்.

படி 4: காற்றைக் குறித்தல்

வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, தென்றல் என்றால் தெற்கிலிருந்து வருவது. அறிக்கையிலும் காற்றின் திசை அது புறப்பட்டு வரும் திசையே. நீரோட்டத்துக்கு மட்டும் அது செல்லும் திசையைச் சொல்வார்கள். சொல்லப்படும் வேகம் சராசரிதான். இடையிடையே வீசும் வன்காற்று அதைவிட 40 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம். 25 நாட் என்று படித்தால் 35 நாட் வேகத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். இடிமேகத்தின் அடியில் திடீரென வீசும் சூறைக்காற்று இந்தக் கணக்கிலும் அடங்காது.

படி 5: அலையைப் புரிந்துகொள்ளுதல்

இந்தப் படியில் மட்டும் அவசரம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் வரும் அலை உயரம் மிக உயர்ந்த அலையின் உயரம் அன்று. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. மூன்று மீட்டர் என்று எழுதப்பட்ட கடலில் எப்போதாவது ஆறு மீட்டரை நெருங்கும் தனி அலையும் வரும்.

அங்கேயே வீசும் காற்றால் எழும் அலையும், தொலைவில் வீசிய காற்று எழுப்பி அனுப்பிய ஸ்வெல் அலையும் சேர்ந்திருக்கும்போது இரண்டு உயரங்களையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.5 மீட்டரும் 2 மீட்டரும் சேர்ந்தால் 2.5 மீட்டர்.

உயரத்துக்குப் பக்கத்தில் விநாடியில் தரப்படும் எண் அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் இடைவெளி. தொடக்கநிலையினர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஆழ்கடலில் அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி அலை 56 மீட்டர் நீளமும், 14 விநாடி அலை ஏறத்தாழ 306 மீட்டர் நீளமும் கொண்டவை. இரண்டும் 2 மீட்டர் உயரம் என்றாலும், முதலாவது செங்குத்தாக எழுந்து சிறு படகை அடிக்கும். இரண்டாவது நடுக்கடலில் படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஆனால் ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் நிலைமை தலைகீழாகும். நீண்ட அலை அங்கே உயர்ந்தெழுந்து உடையும்.

அலைக்காலத்தை ஒன்றரையால் பெருக்கினால் ஸ்வெல் அலைத்திரள் நகரும் வேகம் நாட் அலகில் கிடைக்கும். 14 விநாடி அலை 21 நாட் வேகத்தில் வரும். 1000 கடல் மைலை இரண்டு நாளில் கடக்கும். காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் பேரலை வருவதற்கு இதுதான் காரணம். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்றோ அலையோ வந்தால் அலை குறுகிச் செங்குத்தாகும். தென்னாப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் இதற்குப் பெயர்பெற்றது.

படி 6: புயலிலிருந்து விலகும் எல்லையை வரைதல்

புயல் செல்லும் பாதையைக் கூம்பு வடிவில் காட்டும் படம், மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் காட்டுகிறது. புயலின் அகலத்தை அன்று. கூம்புக்கு வெளியே இருப்பதால் ஆபத்தில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே என் பெருங்கவலை. மாலுமிகள் பின்பற்றும் 1-2-3 விதி இங்கே உதவும். மையத்திலிருந்து 34 நாட் காற்று பரவியுள்ள தொலைவோடு 24 மணி நேரக் கணிப்புக்கு 100, 48 மணிக்கு 200, 72 மணிக்கு 300 கடல் மைல் கூட்டி, அந்தந்த நேரத்துக்குக் கணிக்கப்பட்ட மையத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்தத் தொலைவு 120 கடல் மைல் என்றால் வட்டங்களின் ஆரம் முறையே 220, 320, 420. இந்த வட்டங்களுக்குள் நுழையாமல் வழியை வகுக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் புயல் செல்லும் திசைக்கு வலப்புறமும், தென் அரைக்கோளத்தில் இடப்புறமும் கூடுதல் ஆபத்தானவை.

படி 7: கடலோடு ஒப்பிடுதல்

வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் சற்று ஏறி, அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இறங்கும். இந்த ஒழுங்கான ஏற்ற இறக்கத்தைச் சில நாட்கள் மணிக்கொரு முறை குறித்துவைத்தால், மாலை நேர இறக்கத்தைக் கண்டு வீணாக அஞ்ச மாட்டீர்கள். அந்த நேரத்துக்கும் பருவத்துக்கும் உரிய வழக்கமான அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 5 குறைந்தால், அறிக்கையில் எதுவும் இல்லாவிட்டாலும் அருகில் புயல் இருப்பதாகவே கொள்ள வேண்டும். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். அந்தத் திசையை வரைபடத்தில் கோடாக இழுத்து, நீங்கள் ஏற்கெனவே குறித்த மையத்தின் அருகே அது செல்கிறதா என்று பாருங்கள். செல்லவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிவைத்து, அடுத்த அறிக்கை வந்ததும் புதிய தாளில் முதலிலிருந்து வரையுங்கள்.